பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு

அஸ்தம்பட்டியில் மாடியறை. ஓடாத ஏசி. ஓடுகிற மாடல்.
அதுவும் இங்கே ஓடவில்லை,
எந்த ஊரிலோ குளிரூட்டிய கொட்டகை ஒன்றில்.
இங்கே திரையில் ஒரு கோடு
இறங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

காசநோய்க் கிருமியின் ஒரு புரதம்.
அதன் இடுக்கில் போய் உட்காரத் தோதான மூலக்கூறு எது
என்று கேட்டால், நாற்பதாயிரத்தில்
நாற்பதைப் பொறுக்கித் தரும்.
மதிப்பெண் 0.91.
கிருபாநிதி அதை ஸ்லைடில் சிவப்பாக்கினார்,
சாமி படத்துக்குப் பொட்டு வைப்பதுபோல.

பெர்னதெத் மட்டும் நம்பவில்லை.
ஏற்காட்டுக்காரி. ஐதராபாத் லேபில்
கையுறையோடு நிற்கும் கெமிஸ்ட்.
"நாற்பதில் பதினொன்றைச் செய்யவே முடியாது.
ஏழு செஞ்சு அனுப்பினேன்.
கிருமி அது பாட்டுக்கு வளருதாம்."
பின்னால் ஏதோ பீப் அடித்தது. வைத்துவிட்டாள்.

இன்றிரவு தரவைக் கொட்டிக் கிளறினேன்.
பயிற்சிக்குக் கொடுத்ததிலும் பரீட்சைக்கு ஒதுக்கியதிலும்
அதே எலும்புக்கூடுகள்.
ஒன்றில் ஒரு மெத்தில் கூடுதல்,
இன்னொன்றில் ஃப்ளோரின் இருந்த இடத்தில் குளோரின்.
மீசை ஒட்டிக்கொண்டு வந்த அதே ஆள்.

எனக்குத் தெரியும் இந்த வித்தை.
ராசிபுரம் விடுதிப் பள்ளி, காலை நாலரைக்கு மணி.
பத்து வருட வினாத்தாளை வாய் ஒப்பிக்கும்,
கை எழுதும்,
நான் வேறெங்கோ இருப்பேன்.
வேதியியலில் இருநூற்றுக்கு இருநூறு.
பென்சீன் என்ன வாசம் என்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

எலும்புக்கூடு வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன்.
நடுவில் கரண்ட் போய் வந்தது, இன்வர்ட்டர் முனகியது.
0.58.
காசைச் சுண்டினாலே 0.50 வரும்.

கீழ்வீட்டு மாதேஸ் அண்ணன் மேக்னசைட் லாரி ஓட்டுகிறார்.
மாத்திரை இது நாலாவது மாதம்.
நேற்று படியில் நிறுத்திக் கேட்டார்:
"இதப் போட்டுட்டு மல்கோவா சாப்பிடலாமா டாக்டர்?"
நான் அந்த டாக்டர் இல்லண்ணே என்றேன்.
"அப்ப எந்த டாக்டர்?"
சிரிப்பு பாதியில் இருமலானது.
சாவியை வைத்துக்கொண்டு நின்றேன்.

கிருபாநிதிக்கு மெயில். மூன்று முறை எழுதி,
"துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல்லை மூன்று முறையும் எடுத்தேன்.
மாடல் மனப்பாடம் செய்திருக்கிறது.
0.91 நம்முடையதல்ல.
நாளைய கூட்டத்தில் நானே சொல்கிறேன்.

பிறகு பெர்னதெத்தின் ஏழையும்
அட்டவணையின் அடியில் சேர்த்தேன்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பூஜ்யம்.
இத்தனை லட்சம் வரிகளில்
யாரும் ஒப்பிக்காதவை இந்த ஏழு.

நாலரை. கீழே கேட் கிரீச்சிட்டது.
இருமல், செருமல், லாரிச் சாவி.
மீண்டும் ஓட விட்டேன்.
கோடு மேலிருந்து, மிக மேலிருந்து,
தொடங்குகிறது.