மானி வாசிப்பு

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஐஸ் பக்டரி மதில் முடியுற இடத்தில
ஒழுங்கை ஒண்டு வாவிக்குள்ள இறங்குது.
பேரில்லை.
என்ட கைக்கருவியில அது ஒரேயொரு வீடு.

கணக்குக்காரர்: த. குணநாயகம்.
ஆள் சுவிசுக்குப் போய் பதினேழு வருசம்.
அவர்ட மானி மட்டும் இஞ்ச நிண்டு
இரவு பகலாச் சுத்துது.

முன்சுவரால வயர் புறப்பட்டு
முருங்கையில ஒரு முடிச்சு,
யோகமலர்ட தகரத்தில ஒரு முடிச்சு,
இறால் காயுற பரணைத் தாண்டி
கண்ணாப் பத்தையோட ஒட்டின கடைசி வீட்டில
மூச்சுமுட்டுக்காரப் பிள்ளைக்கு
ஆவி மெசினை எழுப்புது.
எண்ணிப் பாத்திருக்கன். பதினொரு அடுப்படி.

பதினொரு வீட்டு அலகையும்
ஒரு வீட்டில கூட்டினா
வாறது பணக்காரன்ட பில்.
நாலு ஏசி வச்சிருக்கிற டொக்டருக்குப் போடுற
அதே மேல்படி விலை.

"அப்ப தனித்தனியாத் தாங்களன்" எண்டா யோகமலர்.
தரலாம். முகவரி வேணும்.
முகவரிக்கு உறுதி வேணும்,
உறுதிக்கு நிலம் வேணும்.
வரைபடத்தில அந்த இடம் இளநீலம்.
தண்ணி.

போன வெள்ளி மண்டபத்தில கூட்டம்.
கொழும்பால வந்தவர் திரையில காட்டினார்:
தென்னமெரிக்காவில எங்கயோ ஒரு மலை,
மலை முழுக்கக் குச்சு வீடு,
மேலால கயிற்றில பெட்டி போகுது.
"அங்க வீடுகளை உடைக்கல்ல.
படிக்கட்டுப் போட்டாங்க, விளக்குப் போட்டாங்க."
பின்வரிசையில நண்டு யாவாரி சிவலை எழும்பி,
"மலைக்கு நாங்க எங்க போற, ஐயா?"
எல்லாரும் சிரிச்சம். அவரும் சிரிச்சார்.

மறுகா அடுத்த படம்.
எங்கட வாவி.
நடைபாதை, வாங்கு, மஞ்சள் வெளிச்சம்.
ஒழுங்கை கிடந்த இடத்தில
ஒரு சிறுமி சைக்கிள் ஓடுறா.
ஆர்ட பிள்ளையெண்டு
ஒருத்தருக்கும் தெரியல்ல.
படிக்கட்டைப் பற்றி ஆரும் கேட்கவுமில்லை,
தேத்தண்ணி வந்திட்டுது.

இண்டைக்கு வாசிச்சன். அலகு 1146.
கைக்கருவி கத்துது:
வழமைக்கு மாறான பாவனை. உறுதிப்படுத்தவும்.

உறுதி.
அமத்தினன்.

பில் முழ நீளத்தில வந்தது.
யோகமலர் ஈரக்கையைச் சட்டையில துடைச்சு
அதை மதிலில வச்சு, பின்பக்கம் திருப்பி,
காதில செருகியிருந்த பென்சிலால
பேர்களை எழுதத் தொடங்கினா.
கடைசி வீட்டுக்குப் பாதிதான் போட்டா.

குணநாயகம்ட பேர் அதில இல்லை.