குச்சி நுனியில் மோர்

செக்கானூரணி தாண்டி
வெங்காய லாரிக்குப் பின்னால் நின்றுபோனது கார்.
ஒச்சுக்காளை வந்து ஆயில் குச்சியை உருவினான்.
நுனியில் மோர்.
தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான்.
அவிழ்த்துப் போட்ட மறுநாள்
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான்:
"பிளாக்கு விட்டுருச்சு டாக்டரக்கா."

ஐம்பத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி.
மூடிப்போன நூற்பாலை ஏலத்தில்
பஞ்சுப் பொதிகளுக்கு அடியிலிருந்து எடுத்தது.
இரண்டே இருக்கை. கூரை கிடையாது.
சித்திரை வெயிலில் அதை ஓட்டுகிறவள் என்று
அண்ணாநகரில் எனக்கொரு பெயர் உண்டு.

இனி என்ன வைப்பது?

பல் டாக்டரிடம் இதைக் கேட்கக்கூடாது.
வாரத்துக்கு நாலு பேருக்கு
இல்லாத பல்லை வைக்கிறேன்.
நிறம் பார்த்து, கடி பார்த்து முடித்துக்
கண்ணாடியைக் கொடுத்தால் சிரிக்கிறார்கள்.
நாக்கு மட்டும் நம்பாது.
வருஷம் போனாலும்
அந்த இடத்தைப் போய்ப் போய்த் தடவும்.

இங்கிலாந்தில் இருக்கிறதாம், அதே எஞ்சின்,
மரப்பெட்டியில் வரும்.
தூத்துக்குடியில் இறக்கி வரியும் கட்டினால்
ஒத்தக்கடையில் ரெண்டு சென்ட் போச்சு.

ஒச்சுக்காளைக்கு எஸ்டீம் மேல் கண்.
கப்பலூரில் அடிபட்ட வண்டி; நசுங்கியது பின்பக்கம்தான்.
"எண்பத்தஞ்சு குதிரைக்கா.
திண்டுக்கல்லுல பிரியாணி தின்னுட்டு
கை ஈரம் காயுறதுக்குள்ள திரும்பிரலாம்.
குறுக்குச் சட்டத்தக் கொஞ்சம் அறுக்கணும், அவ்வளவுதான்."
கொஞ்சம் என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஊசி போடுமுன் நானும் அப்படித்தான்
வேறெங்கோ பார்த்தபடி
"கொஞ்சம் வலிக்கும்" என்பேன்.

லேத்து சம்சுதீன் டீசலைச் சொன்னார்.
தம்பி மகன் பேட்டரியைச் சொன்னான்:
"சத்தமே இருக்காது அத்தை."
சத்தம் வேண்டாமென்றால்
வீட்டில் சோபா இருக்கிறதே.

பழங்காநத்தத்தில் ஒரு அம்பாசிடர்.
ஏதோ ஒரு துறை கழித்துப் போட்டது.
கூரையில் சுழல்விளக்கு இருந்த ஓட்டை,
பின்சீட்டில் பூனை, மூன்று குட்டிகள்.
பானெட்டைத் தூக்கினேன்.
தெரிந்த முகம்.
அதே ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது.
ஒரே குடும்பத்து வார்ப்பு.
ஒன்று மைனராகத் திரிந்தது,
ஒன்று கோப்பு சுமக்கப் போனது.

"முறை இருக்கு" என்றேன்.
"முறை இருந்தாப் போதுமாக்கா?
அம்பது குதிரை. அதுலயும் பாதி செத்துருக்கும்."

பேட்டரி இணைத்தான்.
இருமியது. நின்றது. மறுபடி இருமிக்
கரும்புகை கக்கியதில் பூனை சுவரேறியது.
அப்புறம்
இன்றைக்கு முடிந்துவிடும் என்று எந்த வாக்கும் தராமல்
சீட்டுக்கு வந்து உட்கார்ந்த குமாஸ்தாபோல
நிதானமாக ஓட ஆரம்பித்தது.

எஸ்டீம் நல்ல எஞ்சின். இப்போதும் சொல்வேன்.
அறுக்க மனசில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
பணமும்தான்.
குமாஸ்தாவைப் பிடித்துப்போனதும்தான்.

முன்தகட்டை மாற்றி
பழையதன் இரட்டைக் கார்புரேட்டரை
இதன் தோளில் ஏற்றப் பதினாறு நாள்.

நாகமலையை ஒட்டி விடிகாலையில் போகிறேன்.
அறுபதைத் தாண்ட யோசிக்கிறது.
டவுன் பஸ் முந்திப் போகும்போது
கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார், "தள்ளணுமாம்மா?"
மூன்றாம் கியரில் ஒரு உறுமல் இருந்தது,
தொடை வரைக்கும் ஏறும்.
வலது பாதம் இன்னமும்
அந்த இடத்தைப் போய்ப் போய்த் தடவுகிறது.

பழைய பிளாக்கைக் கிலோ கணக்கில் கேட்டான்.
கொடுக்கவில்லை.
கிளினிக் வாசலில் கிடக்கிறது.
அதன்மேல் ஒரு கையை ஊன்றித்தான்
செருப்பைக் கழற்றுகிறார்கள், பல்வலிக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஆறினபிறகு,
குச்சியை உருவித் துடைத்து
உள்ளே விட்டு மறுபடி உருவுகிறேன்.

கறுப்பு.
நல்ல கறுப்பு.