இருமல் விழுந்த நிரல்

நீஷ் நகரத்தில் அந்தக் குளிர்காலம்
சனிக்கிழமை இரவு பத்தரைக்கு
வானொலியில் ஒரு கணினி விளையாட்டை ஒலிபரப்பினார்கள்.
படமாக அல்ல, சத்தமாக.
"ஒலிநாடாக்களைத் தயாராக வையுங்கள்" என்றார் அறிவிப்பாளர்.
பிறகு மூன்றரை நிமிடம்
தகரத்தைத் தகரத்தால் சுரண்டுகிற கீச்சு.

எங்கள் வானொலியில் ஒயர் செருகத் துளை இல்லை.
ஒலிவாங்கியை அதன் வாயருகே பிடித்துக்கொண்டு
மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டேன்.
கதவுக்கடியில் போர்வை.
சொட்டுகிற குழாயின் வாயில் துணி.
அப்பாவின் குறட்டையைக்
கடைசி அறைக்கு நாடு கடத்தியிருந்தோம்.

இரண்டாம் நிமிடம் முடிகிறபோது
ராதிஷா இருமினான்.

கணினி நாங்களே கட்டியது.
சூட்டுக்கோலை ஆஸ்பிரின் மாத்திரையில் தொட்டுத் தொட்டுக்
கண்ணெரியப் பற்றவைத்தது.
சுங்கத்துக்குப் பயந்து சில்லுகள்
மியூனிக்கிலிருந்து ஸொர்கா அத்தையின்
காப்பிப் பொட்டலத்துக்குள் வந்தன;
முதல் வாரம் பலகையெல்லாம் காப்பி மணம்.
நினைவகம் நாலு கிலோபைட்.
இந்தக் கவிதைக்கே அதில் இடம் போதாது.

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும்
அதே இடத்தில் நின்று
திரை கேட்டது: என்ன?
அதற்குத் தெரிந்த திட்டு அவ்வளவுதான்.
எங்களுக்கு இன்னும் நிறையத் தெரிந்திருந்தது.

நாற்பது வருஷம் கழித்து நாடா கிடைத்தது.
பிளேயரின் ரப்பர் பெல்ட் உருகிப் பாகாகியிருந்தது,
மாற்றினேன்.
அலையைத் திரையில் விரித்தால்
ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று,
சீப்பின் பற்கள்.
நடுவே ஒரு குன்று.
அதனடியில் புதைந்தவை பதினேழு பைட்.
மூன்று இரவு,
முன்னும் பின்னும் படித்து, தாளில் கூட்டி,
கணக்கு நேராகும் வரை
ஒவ்வொன்றாக ஊகித்து நிரப்பினேன்.

சிகாகோவில் லாரி ஓட்டுகிறான் ராதிஷா.
"நானில்லை, அது நாய்" என்றான் தொலைபேசியில்.
நம் வீட்டில் நாயே கிடையாதே.
"அப்படியானால் பக்கத்து வீட்டு நாய்."

நிரல் ஓடியது.
மேலிருந்து ஒரு நட்சத்திரக் குறி விழுகிறது.
கீழே ஒரு கோட்டை நகர்த்திப் பிடிக்க வேண்டும்.
பன்னிரண்டு பிடித்தேன். பதின்மூன்றாவதில் அலுத்துவிட்டது.
இதற்காகவா
பனி உருகும்வரை அவனோடு பேசாமலிருந்தேன்?

வெட்டியெடுத்த குன்றைத்
தனிக் கோப்பாக வைத்திருந்தேன். அரை நொடி.
நேற்று அவனுக்கு அனுப்பினேன்.
ஓஹையோவில் எங்கோ வண்டியை ஓரங்கட்டிக்
கேட்டிருப்பான் போலும்.
நள்ளிரவில் பதில் வந்தது:

"இந்தப் பையனுக்கு நெஞ்சு முழுக்கச் சளி.
அங்கே யாருமே கவனிக்கவில்லையா?"