பெயர் தெரியாதது 17

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மூடியில்லாத மிக்சி ஜார்களுக்கும்
கூண்டில் கத்தும் லவ் பேர்ட்ஸுக்கும் நடுவே
தார்ப்பாய் விரித்திருந்தவன் சொன்னான்:
"ஃபாரின் செடி மேடம். எண்பது ரூபா."
நாற்பதுக்குத் தந்தான்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.

நாலு பட்டைத் தண்டு. இலை கிடையாது.
சாம்பல் பூத்த பச்சை.
விளிம்பெல்லாம் பல், ஆனால் குத்தாது.
கிள்ளினால் பால் வரவில்லை,
அதனால் கள்ளி இல்லை.
முள் முளைக்கும் பஞ்சுப் புள்ளி இல்லை,
அதனால் கேக்டஸும் இல்லை.
இல்லை இல்லை என்று கழித்துக்கொண்டே போனால்
மிஞ்சுவதுதான் பெயர்.
ஆனால் அதற்குப் பூ வேண்டும்.
பூக்காத செடி
கைரேகை விழாத விண்ணப்பம்.

எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் வட்ட வழங்கல் அலுவலகத்தில்
பெயர் சேர்த்தல், நீக்கல், திருத்தம்.
நசீமா பேகம் நசீமா வேகமாகி
மூன்று மாதம் அரிசி வாங்காமல் வந்து நிற்பார்.
ஒரு எழுத்தைத் தட்டி அனுப்புவேன்.

குரோம்பேட்டை, மூன்றாம் மாடி.
கம்பி போட்ட பால்கனியில் நூற்றுப் பத்துத் தொட்டி.
தொட்டிக்கு ஒரு ஐஸ் குச்சி,
குச்சியில் பென்சில் எழுத்து.
பேனா மை ஒரு கோடைக்குத் தாங்காது.

இரவிலும் வியர்க்கிற ஊரில்
இரவில் மட்டும் மூச்சுவிடும் செடிகளை வளர்க்கிறேன்.
கூழாங்கல் போல் வந்த லித்தாப்ஸ்
ஐப்பசி மழையில் மூன்றே நாளில் கூழ்.
ரோஜா மாதிரி வந்த எச்சிவேரியா
அழுகிய முட்டைக்கோஸாகப் போய்ச் சேர்ந்தது.
செத்தவற்றின் குச்சிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

பதினேழு அந்தப் பாட்டிலுக்குப் போகவில்லை.
மிக்ஜாம் அடித்த அன்று தொட்டியோடு கவிழ்ந்து
வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தது.
எடுத்து ஊன்றினேன்.
ஒன்றும் நடக்காதது போல் நின்றது.
பெயர் மட்டும் சொல்லவில்லை,
நான்கு வருடம்.

இந்தப் புரட்டாசியில்,
மூன்றாம் சனிக்கிழமை,
"யார் வீட்டில் கருவாடு?" என்று
கீழ் வீட்டுச் சுகுணவல்லி படியேறி வந்தார்.
பின்னாலேயே அசோசியேஷன் செயலர் கஜபதி,
மூக்கைத் துண்டால் பொத்தியபடி.
என் வீட்டிலும் நாற்றம்தான்.
டார்ச் எடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேடினோம்,
பரணில் தேடினோம், ஷூ ஸ்டாண்டைக் கவிழ்த்தோம்.
செத்த எலி எதுவும் இல்லை.

ஈக்கள்தான் வழி காட்டின.

தண்டின் நுனியில் எலுமிச்சை அளவு உருண்டை.
அதில் முப்பது பூவாவது இருக்கும்,
ஒவ்வொன்றும் ஐந்து முனை நட்சத்திரம்,
காய்ந்த ரத்தத்தின் நிறம்.
லென்ஸை வைத்துக் குனிந்தேன்.
ஒரு ஈ அதைப் பிணமென்று நம்பி
முட்டையே இட்டிருந்தது.
"தூக்கிப் போடுங்க" என்றார் கஜபதி.
"கொஞ்சம் இருங்க சார், பேரு வருது" என்றேன்.

பத்து நிமிடம் போதுமாயிருந்தது.
லத்தீனில் கரலுமா.
தமிழில் கள்ளிமுளையான்.
வளருமிடம்: இந்தப் பக்கத்து வறண்ட பாறைக் குன்றுகள்.

குச்சியைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.
முன்பக்கத்தை அழிக்கவில்லை.
அலுவலகத்திலும் பழைய பெயரைக்
கோடு போட்டுத்தான் வைப்போம், கிழிப்பதில்லை.

அடுத்த வெள்ளி அவனிடம் போனேன்.
அந்த ஃபாரின் செடி எங்கேப்பா கிடைத்தது?
கூச்சமே இல்லாமல்
தாடையால் மலையைக் காட்டினான்.
"கல் உடைச்ச பள்ளத்துக்கு மேல, மேடம். கொட்டிக் கிடக்கு."
தலைக்கு மேலே
நிஜமான ஃபாரின் ஒன்று
சக்கரங்களை நீட்டியபடி தாழ இறங்கிப் போனது.

இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன்.
அதன் பெயரைக் கேட்டான். சொன்னேன்.
ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அப்ப நூறு ரூபா."