ஐநூறு கிராம்

விடியுமுன் கம்பமெட்டுச் செக்போஸ்ட்டில்
எங்களை எண்ணுவார்கள்.
ஒன்பது பேர் ஏறும் ஜீப்பில் பதினேழு தலை.
ஏட்டில் ஒன்பது என்றே விழும்.

முன்சீட்டில் கொத்தனார் சந்தியாகு,
ராயப்பன்பட்டிக்காரர்.
மடியில் கரண்டி, நூல் சுற்றிய தூக்குக்குண்டு.
எஸ்டேட் ஸ்டோருக்குப் பக்கத்தில்
முதலாளி நேர்ந்துகொண்ட குருசடிக்கு மதில் வைக்கிறார்.
வளைவுகளில் வாந்தி வராமலிருக்க
ஆமோஸ் கதையைச் சொல்லுவார், தவணை தவணையாக.

ஆடு மேய்ப்பவனாம்.
காட்டத்திக் காயைக் கீறிப் பழுக்க வைப்பவனாம்.
கீறாவிட்டால்? என்றாள் ஒச்சம்மா.
கீறாவிட்டால் புழுவுக்குத்தான்.

தெக்கோவாவிலிருந்து எல்லை தாண்டி
வடக்கே பெத்தேலுக்குப் போனான்.
அங்கே தந்தக் கட்டில்,
கிண்ணத்தில் அல்ல, குடத்தில் குடிக்கிற வாய்கள்,
திருநாள் எப்போது முடியும்
கடையை எப்போது திறக்கலாமென்று
பூசைக்கு நடுவே விரல் மடிக்கும் வியாபாரி.
ஒரு சோடிச் செருப்பு விலைக்குக் கைமாறிய ஏழை.

முதலில் தமஸ்குவைத் திட்டினான், பிறகு தீருவை, ஏதோமை.
கூட்டம் கைதட்டியது.
அடுத்த ஊரைத் திட்டினால் யாருக்குத்தான் இனிக்காது?
நாங்களும் தட்டினோம், ஜீப் ஒருபக்கம் சாய்ந்தது.
பிறகு தன் சொந்த யூதாவை.
கடைசியில் கைதட்டியவர்களையே.
உங்கள் பாட்டு ஆண்டவன் காதுக்கு இரைச்சல்,
பலியாட்டைத் திருப்பி ஓட்டிப் போங்கள்,
அவன் கேட்பது கோடையிலும் காயாத ஓர் ஆறு,
அதன் பேர் நியாயம் என்றான்.

கோயில் குரு அமத்சியா சொன்னார்:
இது ராசாவின் கோயில்.
உன் ஊரில் போய்ச் சொல், அங்கேயே தின்று கொள்.

போனானா?
அது தெரியாது என்றார் சந்தியாகு.
ஜீப் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை எடை.
பச்சை ஏலக்காய், விரலிடுக்கெல்லாம் கறை.
என் மூட்டை பதினொன்று காட்டியது.
தூக்கிவந்த முதுகு பதிமூன்று என்றது.
முதுகை யார் கேட்டார்கள்?

சந்தியாகு சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.
வாய் திறக்கவில்லை.
குண்டைத் தட்டில் வைத்தார்.
கம்பம் பாத்திரக்கடையில் நிறுத்து வாங்கிய பித்தளை,
ஐநூறு.
சிவப்பு எழுத்து நானூற்றுப் பத்தில் நின்றது.

தகரத்தில் மழை மட்டும் பேசியது.
சூப்பர்வைசர் சாக்கோச்சன் மிஷினை அணைத்தார்.
"மேஸ்திரி, மதில் இவ்வளவு மதி.
நாளை முதல் அந்தப் பக்கமே பணி நோக்கு."

குண்டுக்கு நூலைச் சுற்றிக்கொண்டே
எங்களிடம் சொன்னார்,
கீழே நம்ம கடைக்காரன் தராசையும்
ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.
அதற்கு நாங்கள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினாறு தலை.
ஏட்டில் ஒன்பது.
முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை,
நெருக்கியடித்துப் பின்னாலேயே இருந்தோம்.

ஒச்சம்மா மடி புடைத்திருந்தது.
என்ன அது? டார்ச் அடித்துக் கேட்டார் காவலர்.
உப்பு என்றாள்.
அரைக்கிலோ, பிரிக்காத பாக்கெட்.