விரல் விரலாக

கார்டிஃபில், விரிகுடாவைப் பார்த்த சட்டமன்றத்தில்
கேள்விகளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது.
உறுப்பினர்கள் எழுதி அனுப்புவதை
அச்சுக்குப் போகுமுன் கெத்தின் மழித்துவிடுவான்.

விதி எளிது.
கேள்வியில் வாதம் கூடாது. ஆள் பெயர் கூடாது.
அமைச்சரின் பொறுப்பைத் தாண்டி
ஒரு காற்புள்ளிகூட நீளக் கூடாது.

மெரெரிட் ப்ராசர் அனுப்புவதில்
எப்போதும் முடி அதிகம்.

"பொன்ட்வென் ரயில் நிலையத்தில் நாற்பத்தொரு படிகள்.
தெற்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஹவா ஜாமா
சக்கர நாற்காலியோடு வடக்கே போகும் வண்டியில் ஏறுகிறார்.
மூன்று நிலையம் தள்ளி இறங்கி, நடைமேடை மாறி,
புறப்பட்ட இடத்தையே ஜன்னலில் பார்த்தபடி
கடந்து போகிறார்.
இதற்குப் பயணம் என்றா பெயர், அமைச்சர் அவர்களே?"

மழித்தபின்:
படியேறாமல் செல்ல வழியில்லாத நிலையங்கள் எத்தனை?

ஏழு வேலை நாளில் பதில் வந்தது.
இந்தத் தகவல் மையமாகத் திரட்டப்படுவதில்லை.

நாடோடிக் குடும்பங்களின் முகாமில்
பதினேழு வண்டிவீட்டுக்கு ஒரே குழாய்,
ஜனவரியில் அதுவும் உறைந்துபோவதை
இரண்டு பக்கம் எழுதினாள். மிஞ்சியது ஒரு வரி.
மையமாகத் திரட்டப்படுவதில்லை.

அந்த மையம் எங்கே இருக்கிறது என்றும்
ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.
கெத்தின் சிரித்தான். அனுமதிக்கவில்லை.

நம் இலக்கணத்தில் வினா ஆறு வகை.
தெரியாமல் கேட்பது ஒன்று, தெரிந்தே கேட்பது ஒன்று.
மெரெரிட்டுக்கு விடை தெரியும்.
சனிக்கிழமைதோறும் சலவைக்கடை மாடி அறையில்
ஈரக் குடையோடு வரிசையில் நின்று
சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
அரசாங்கத்துக்குத் தெரியுமா என்பதுதான் அவள் கேள்வி.
விடை எட்டு வகை என்றும் சொல்வார்கள்.
ஒன்பதாவதை
அந்தக் கட்டடத்தில் கண்டுபிடித்தார்கள்.

மார்ச்சில் வந்தது இது.

எமிருக்குக் காது கேளாது.
சைகைமொழிபெயர்ப்பாளர் விடுப்பில்;
மாற்றாள் நூறு மைல் தள்ளி.
மருத்துவர் பேசத் தொடங்கிவிட்டார்.
கூட வந்த மாப்லிக்கு ஒன்பது வயது.
பள்ளிச் சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து
காதில் விழுந்ததையெல்லாம்
அப்பாவுக்குக் கையால் சொன்னாள்.
அந்த ஒரு சொல்லுக்குச் சைகை தெரியவில்லை.
எழுத்துக் கூட்டினாள், விரல் விரலாக.
அவர்களுடைய இரண்டு மொழியிலும்
புற்றுநோய்க்கு ஆறு எழுத்து.

கெத்தின் பெயர்களை நீக்கினான்.
சீருடையை, நாற்காலி நுனியை நீக்கினான்.
எத்தனை மருத்துவச் சந்திப்புகளில்
குழந்தைகள் மொழிபெயர்த்தார்கள், விரல் விரலாக?
கடைசி இரண்டு சொல் எப்படித் தப்பின?
மறந்தானா, விட்டானா,
நான் கேட்கவில்லை.

புதன்கிழமை மெரெரிட் வெல்ஷ் மொழியில் எழுந்து கேட்டாள்.
கண்ணாடி அறைக்குள் ஒரு பெண்
அவைக்கு அதை ஆங்கிலமாக்கினாள்.
அந்த அவையில் இருமலைத் தவிர எல்லாவற்றுக்கும்
மொழிபெயர்ப்பாளர் உண்டு.
ஆனால் அன்று, 'விரல்' என்ற இடத்தில்,
எல்லார் காதுக்கருவியிலும் குரல் நின்றுபோனது.
நாலு நொடி இருக்கும்.
ஒருவர் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார்.
பிறகு அமைச்சர் எழுந்தார்.
உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

அவைக் குறிப்பில் அந்த நாலு நொடி இல்லை.

கடிதம் ஏப்ரலில் வந்தது.
எமிருக்கு அதற்குள் மூன்றாவது மருந்தேற்றம்.
மெரெரிட் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
நிதானமாகப் படித்தார்,
ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து
மகளை நிமிர்ந்து பார்த்தார்.

'மையமாக.'

மாப்லி கையைத் தூக்கினாள்.
அதற்கும் அவளுக்குச் சைகை தெரியவில்லை.