நாற்பத்திரண்டாவது கேள்வி

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில்
மணிக்கு முப்பது ரூபாய்.
என் நர்சிங் பட்டம், டயாலிசிஸ் வார்டில் ஒன்பது வருடம்,
ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், எல்லாம் ஏற்றியாகிவிட்டது.
இனி, உடன் வரும் கணவரின் பகுதி.
பெயர் தேசப்பன்.
உயரம் ஐந்தடி ஆறு.
வலது கட்டைவிரலில் தழும்பு.

எந்த நாட்டிலாவது, எப்போதாவது
கைது செய்யப்பட்டதுண்டா,
காவலில் வைக்கப்பட்டதுண்டா?
வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சொல்லவும்.

கும்மிடிப்பூண்டி தாண்டாத மனுஷன் என்று சிரித்துக்கொண்டே
'இல்லை' பக்கம் அம்பை நகர்த்தினேன்.
பக்கத்து நாற்காலி சிரிக்கவில்லை.

பதினோரு வருடம் ஒரே பாயில் படுத்தும்
எனக்குக் கேட்கத் தோன்றாததை
முகம் தெரியாத ஓர் அரசாங்கம்
கேட்டுவிட்டது.

"பத்தொம்பது வயசு.
காசிமேட்ல ஐஸ் ஒடைக்கிற வேல.
ராத்திரி ரெண்டு மணி, லோடு முடிச்சிட்டு
ஜீவரத்தினம் ரோட்ல நடந்து வர்றேன்.
சட்டையெல்லாம் ஈரம்.
கையில குத்தூசி."

ஜீப் நின்றிருக்கிறது.
எந்தக் கால்வாய்ல குதிச்சி ஓடியாந்தே?
ஐஸ் சார்.
எங்கடா ஐஸு?
அது அவர் முதுகில்
தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.

எஃப்.ஐ.ஆரில் குத்தூசி
'ஒன்பது அங்குல நீளமுள்ள அபாயகரமான ஆயுதம்' ஆயிற்று.
புழலில் பன்னிரண்டு நாள்.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஏழு வாய்தா,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.
எட்டாவதிலும் சாட்சி வரவில்லை,
போகச் சொல்லிவிட்டார்கள்.

சேமித்துவிட்டு எழுந்துவிட்டேன் அன்றைக்கு.
ஜூஸ் கடையில் எப்போதும் 'ஐஸ் போடாதீங்க' என்பார்,
சளிக்காக என்று நினைத்திருந்தேன்.
கோவமா என்று கேட்டார் ஷேர் ஆட்டோவில்.
இல்லை என்றேன்.
அதுவும் ஒரு படிவம்தான்.

கோர்ட்டின் நகல் பிரிவில் மூன்று புதன்கிழமை.
பழைய கட்டும்மா, அழிச்சிட்டாங்க.
கமிஷனர் ஆபீஸ் சான்றிதழோ
பளிச்சென்று வந்தது:
பாதகமான பதிவு ஏதுமில்லை.
ஏஜென்ட் பிரகலாதன் அதைத் தட்டிக் காட்டினார்.
"பேப்பரே இல்லாத விஷயத்த நீங்களா ஏம்மா
தூக்கிக் குடுக்கிறீங்க?
இல்லைன்னு போட்டா ஆறு வாரம்.
ஆமான்னு போட்டா எனக்கே தெரியாது."

எனக்கு அங்கே வேலையில் சேரும் தேதி
ஏற்கெனவே வந்திருந்தது.
பொய் பிடிபட்டால் இருவருக்கும் ஐந்து வருடம் கதவடைப்பு.
உண்மை சொன்னால்
ஒரு மேசையில் எத்தனை நாள் கிடக்கும்?
நிஜமாகச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க
'இல்லை' என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

மறுபடி அதே சென்டர், அதே நாற்காலி.
"இல்லைன்னே போடு" என்றார்.
"அன்னிக்கும் இல்லைன்னுதான் சொன்னேன்.
எவன் எழுதிக்கினான்?"

அதைக் கேட்ட பிறகு
'ஆம்' அழுத்தினேன்.

கீழே ஒரு பெட்டி திறந்தது:
விவரம், முந்நூறு எழுத்துக்குள்.
தேதி அவருக்கு ஞாபகமில்லை.
தடைக்காலம் முடிஞ்சி
மொத போட்டு கரைக்கு வந்த வாரம் என்றார்.
ஜூன் என்று எழுதினேன்.
பிரிவு, நீதிமன்றம், விடுதலை, பதிவேடுகள் அழிக்கப்பட்டன.
ஒவ்வொரு சொல்லுக்கும் மூலையில்
எண் குறைந்துகொண்டே வந்தது.
நான்கு எழுத்து மீதம்.

"ஐஸ்னு போட்டியா?"

மேலே போய்
'தாழ்மையுடன்' என்பதை அழித்தேன்.
ஐஸ் உடைக்கும் கருவி என்று
சரியாக உள்ளே உட்கார்ந்தது.
திரையருகே குனிந்து
எழுத்துக் கூட்டி வாசித்தார், இரண்டு முறை.

கல்லாவிலிருந்து பையன் கேட்டான்:
பிரிண்ட் கலரா,
பிளாக் அண்ட் ஒயிட்டாக்கா?